அரிசி விலையில் தொடங்கும் தப்புக் கணக்கு

வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல். சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறோம். அடுத்து, அங்கே முன்பே போய்விட்ட உறவினரையோ நண்பரையோ அழைத்து அரிசி என்ன விலை, பால் என்ன விலை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறோம். அதையும் பெருக்கிக் கழித்து, மாதம் இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று முடிவுக்கு வருகிறோம். இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். தொடங்கிய இடம்தான் தவறு. குடும்பத்தோடு புது நாட்டுக்குப் போகிறவரின் கையைக் கடிப்பது பெரும்பாலும் கடைவிலை அல்ல. அந்த நாடு தன் குடிமக்களுக்குக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ கொடுக்கும் வீடு, பள்ளி, மருத்துவம், முதுமைக்காலச் சேமிப்பு ஆகிய நான்கையும் புதிதாக வருபவர் முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. தமிழர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் சிங்கப்பூரை வைத்து இதைப் பார்க்கலாம்.

உலகின் விலை உயர்ந்த நகரங்கள் என்று ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியல்களில் சிங்கப்பூர் தவறாமல் முன்வரிசையில் இருக்கிறது. மெர்சர் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்த இரண்டாம் இடம். எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜூரிக்குடன் சேர்ந்து முதலிடம். இவற்றைப் படித்துவிட்டு, அங்கே வாழவே முடியாது போலிருக்கிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பட்டியல்கள் யாருக்காகத் தயாரிக்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று பன்னாட்டு நிறுவனங்கள் கணக்கிட உதவுவதே இவற்றின் முதன்மையான நோக்கம். அதனால் கார், மது, உயர்ரக உடை, பன்னாட்டுப் பள்ளி ஆகியவற்றின் விலைகள் இவற்றில் முக்கிய இடம் பெறுகின்றன. சிங்கப்பூரில் கார் வாங்க, பத்தாண்டு செல்லுபடியாகும் உரிமைச் சான்றிதழை முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டும். பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 2023 அக்டோபரில் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது (அங்கே தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). பேருந்திலும் ரயிலிலும் போகிறவருக்கு இந்த விலை எவ்வளவு ஏறினாலும் ஒன்றுமில்லை. லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த ஆசியப் போட்டித்திறன் ஆய்வு நிலையம், வெளிநாட்டினருக்கான வாழ்க்கைச் செலவையும் சாதாரண உள்ளூர்வாசிக்கான செலவையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தது. முதல் பட்டியலில் முன்வரிசையில் நின்ற சிங்கப்பூர், இரண்டாம் பட்டியலில் வெகுதூரம் கீழே இறங்கிவிட்டது. ஊர் ஒன்றேதான், யார் வாழ்கிறார் என்பதைப் பொறுத்துச் செலவு மாறுகிறது.

முதலில் நாம் விசாரிக்கும் கடைவிலையையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிக் கலாசாரத்தைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அங்கே நான்கு முதல் ஆறு வெள்ளிக்கு வயிறாரச் சாப்பிடலாம். தேக்கா சந்தையில் முருங்கைக்காய் முதல் கறிவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கும். ரயில், பேருந்துப் பயணம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். பொருள் சேவை வரி 2023இல் 8 சதவீதமாகவும் 2024இல் 9 சதவீதமாகவும் உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வரியைக் குடிமகனும் கொடுக்கிறார், வெளிநாட்டவரும் கொடுக்கிறார். கடையிலும் ரயிலிலும் இருவருக்கும் ஒரே விலை. வீட்டிலேயே சமைத்து, பொதுப் போக்குவரத்தில் போய்வரும் குடும்பத்துக்குச் சம்பளத்தில் இந்த இனங்களுக்கு ஆகும் பங்கு சமாளிக்கக்கூடியதே. ஆகவே அரிசி விலையை விசாரித்தவருக்குக் கிடைத்த பதில் பொய்யல்ல. செலவின் சிறிய பகுதியை மட்டும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெரிய பகுதி வீட்டில் இருக்கிறது. 1960இல் தொடங்கிய வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள். அரசு மானியத்தோடு, 99 ஆண்டுக் குத்தகையில், சம்பளத்தில் பிடிக்கப்படும் மத்திய சேம நிதியிலிருந்தே தவணை கட்டி அந்த வீடுகளை வாங்கியவர்கள். வேலை அனுமதியில் வருபவர் இந்த வீடுகளை வாங்க முடியாது. தனியார் வீடு வாங்கலாம் என்றால், 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் விலைக்கு மேல் 60 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எனவே அவருக்கு இருக்கும் ஒரே வழி வாடகை. அதிலும் கழக வீடுகளை முழுதாக வாடகைக்கு எடுக்க, மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்குப் பேட்டைக்கு 8 சதவீதம், ஒரு புளோக்குக்கு 11 சதவீதம் என்ற வரம்பு உண்டு. வாடகைச் சந்தை சூடேறும்போது முழுச் சூடும் வெளிநாட்டவர் மேல்தான் விழும். 2022ஆம் ஆண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 சதவீதம் ஏறியது. சொந்த வீட்டில் இருந்த உள்ளூர்க்காரரை அது தொடவில்லை. பலருக்கு வருமானமாகவும் ஆனது. அந்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்த வெளிநாட்டுக் குடும்பங்களுக்கோ அடிமடியில் கை வைத்தது போலாயிற்று.

வாடகை ஒப்பந்தத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நகர மையத்திலிருந்து தள்ளி, ஒரு கழக வீட்டுக்கு மாதம் 3,000 வெள்ளி வாடகை பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய நிலவரத்தில் இது மிகையான தொகை இல்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் இரண்டு மாத வாடகை முன்வைப்புத் தொகை, முதல் மாத வாடகை முன்பணம், மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை. கூட்டினால் 9,288 வெள்ளி வருகிறது. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இதைக் கையில் வைத்திருக்க வேண்டும். தரகருக்குக் கமிஷன் என்றால் அது வேறு. ஒப்பந்தத்துக்குள் இன்னும் சில வரிகள் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. சிறு பழுதுகளுக்கு இருநூறு, முந்நூறு வெள்ளி வரை அவர் தலையில். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்புடன் விலக வழிசெய்யும் ‘டிப்ளோமேட்டிக் கிளாஸ்’ என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. அது எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், வேலை போன மாதத்திலும் வாடகைக் கடன் நிற்காது. குடிமகனுக்கு வீடு ஒரு சேமிப்பு. வெளிநாட்டவருக்கு அதுவே மாதச் செலவில் முதல் இனம்.

அடுத்தது பள்ளி. சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணம் இல்லை. சில்லறைக் கட்டணமாக மாதம் பத்து வெள்ளியை ஒட்டித்தான் ஆகும். அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்காரும் இந்தியக் குழந்தைக்கு மாதம் 800 வெள்ளிக்கு மேல் ஆகும். ஆசியான் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் இடம் உறுதியில்லை. முதலாம் வகுப்புச் சேர்க்கையில் மற்ற எல்லோருக்கும் இடம் கொடுத்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு. இடம் கிடைக்காதவர்கள் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளையோ அதைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கும் பன்னாட்டுப் பள்ளிகளையோ நாட வேண்டும். பள்ளி வயதை எட்டாத குழந்தை என்றாலும் இதே நிலைதான். பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்கு அரசு தரும் மானியம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தைக்கே.

மருத்துவத்தில் இந்த வேறுபாடு மறைந்து நிற்கும். நோய் வரும்வரை கண்ணில் படாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசியக் காப்புறுதிக்குள் பிறப்பிலிருந்தோ தகுதி பெற்ற நாளிலிருந்தோ வந்துவிடுகிறார்கள். பொது மருத்துவமனையின் ‘சி’ வகுப்பு வார்டில் குடிமகனுக்கு வருமானத்தைப் பொறுத்து 80 சதவீதம் வரை மானியம் கிடைக்கும். வெளிநாட்டவருக்குக் காப்புறுதியும் இல்லை, மானியமும் இல்லை. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வருபவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வரும் அதிகாரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நிறுவனம் விரும்பினால் எடுக்கும். அப்படி எடுத்தாலும் மனைவி மக்களை அது சேர்த்துக்கொள்கிறதா, பிரசவச் செலவைத் தருகிறதா, ஆண்டுக்கு எவ்வளவு வரை என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலைக் கடிதத்தில் ‘மருத்துவக் காப்புறுதி உண்டு’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

நான்காவது இனம் பலர் கணக்கில் வருவதே இல்லை, ஏனென்றால் அது செலவாகத் தெரிவதில்லை. மாதம் 6,000 வெள்ளி வாங்கும் 35 வயதுச் சிங்கப்பூரரின் சம்பளத்திலிருந்து 20 சதவீதம், அதாவது 1,200 வெள்ளி, மத்திய சேம நிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்காக 17 சதவீதம், 1,020 வெள்ளி சேர்க்கிறார். அவர் கைக்கு வருவது 4,800 வெள்ளி; கணக்கில் சேர்வது 2,220 வெள்ளி. வீட்டுத் தவணை, மருத்துவம், முதுமை மூன்றுக்கும் அந்த நிதி உதவுகிறது. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு இந்த நிதி இல்லை. அவர் கைக்கு முழு 6,000 வெள்ளியும் வருகிறது. பக்கத்து மேசைக்காரரைவிட 1,200 வெள்ளி கூடுதலாக வாங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றும். உண்மையில் முதலாளி தரும் 1,020 வெள்ளி அவருக்குக் கிடைக்கவில்லை. தன் முதுமைக்குத் தானே எடுத்து வைக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது. வருமான வரியும் இதே மயக்கத்தை உண்டாக்கும். சிங்கப்பூரில் வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டு கணக்கிட்டுக் கேட்பார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும்போது வரி பாக்கி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்திவைப்பார். கையில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று செலவழித்தவர் அப்போது தவித்துப்போவார்.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவோம். மனைவி மக்களை உடன் அழைத்துவர, மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்தச் சம்பளத்தில் கணவன், மனைவி, தொடக்கப்பள்ளியில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். வாடகை 3,000. பள்ளி 850. வீட்டுச் சமையலும் எப்போதாவது வெளிச் சாப்பாடும் 900. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசி, இணையம் 300. போக்குவரத்து 250. குடும்பத்துக்கான காப்புறுதி 200. வரிக்கு எடுத்து வைப்பது 220. கூட்டினால் 5,720 வெள்ளி. இது சிக்கனமான ஒரு குடும்பத்துக்கு நான் போட்ட மதிப்பீடு. சில இனங்கள் கூடலாம், சில குறையலாம். மிஞ்சுவது 280 வெள்ளி. ஊருக்குப் போகும் விமானச் செலவும், பெற்றோருக்கு அனுப்பும் பணமும், முதுமைச் சேமிப்பும் இதற்குள் அடங்க வேண்டும். துணைக்கு வருபவர் அங்கே வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்றால், 2021 மே முதல் அவரும் பொதுவாகத் தனக்கென்று வேலை அனுமதி பெற்றாக வேண்டும். இந்தப் பட்டியலில் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாலும் 450 வெள்ளிதான் மிச்சமாகும். வாடகையும் பள்ளியும் மட்டுமே 3,850 வெள்ளியை எடுத்துக்கொண்டுவிட்டன. அரிசி விலையை விசாரித்து இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, சிங்கப்பூரில் வருமான வரி மிகக் குறைவு, அது எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும் என்பது. வரி குறைவுதான், மேலே சொன்ன சம்பளத்துக்கு ஆண்டு வரி அரை மாதச் சம்பளத்துக்கும் குறைவு. ஆனால் அரசு எதைக் கொடுக்கிறது என்பதோடு சேர்த்தே வரியை எடைபோட வேண்டும். ஜெர்மனியில் வேலைக்குப் போகிறவரின் சம்பளத்தில் வரியும் காப்புறுதிகளும் சேர்ந்து பெரும்பங்கைப் பிடித்துவிடுகின்றன. கைக்கு வரும் தொகையைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். ஆனால் அரசு மருத்துவக் காப்புறுதியில் இருப்பவரின் சந்தாவிலேயே, சம்பாதிக்காத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் கட்டணம் இல்லை. அங்கே முறையாக வேலைசெய்து வாழும் குடும்பத்துக்கு ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ என்று 2025இல் உதவித்தொகையும் கிடைத்தது. தனி ஆளாகப் போகிறவருக்குச் சிங்கப்பூர் லாபமாக இருக்கலாம். இரண்டு பிள்ளைகளோடு போகிறவருக்கு ஜெர்மனி லாபமாக இருக்கலாம். வரி விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

இரண்டாவது மறுப்பு, ஆயிரக்கணக்கான தமிழர்கள் இதில் பாதிக்கும் குறைவான சம்பளத்தில் அங்கே வாழ்ந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்களே என்பது. உண்மை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் நம் தொழிலாளர்கள் அப்படித்தான் தங்கள் குடும்பங்களைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குத் தங்குமிடம் முதலாளி ஏற்பாடு செய்யும் விடுதி. ஓர் அறையில் பலர். குடும்பத்தை அழைத்துவர அவர்களுக்கு அனுமதியில்லை. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அவர்கள் கணக்கில் இல்லாததற்குக் காரணம், பிள்ளைகள் ஊரில் அப்பா இல்லாமல் வளர்வதுதான். அறையைப் பகிர்ந்துகொண்டு மிச்சம் பிடிக்கும் இளம் பொறியாளரும் திருமணம் ஆகும்வரைதான் அப்படி இருக்க முடியும். மலிவாக வாழ முடிகிறது என்பதற்கு இவர்களை உதாரணம் காட்டுவது, அவர்கள் கொடுக்கும் விலையைக் காணாமல் பேசுவதாகும்.

மூன்றாவதாக, இது அநியாயம் என்று சிலர் கொதிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாடு தன் குடிமக்களின் வரியிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் கட்டியெழுப்பியதை முதலில் அவர்களுக்கே கொடுப்பது இயல்பு. சிங்கப்பூர்க் குடிமகனின் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவையும் செய்கிறான். நிரந்தரவாசம் பெற்றால் சேம நிதி தொடங்கும், பள்ளிக் கட்டணம் குறையும், மருத்துவ மானியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். கூடவே, நிரந்தரவாசியாக வளரும் மகனுக்கு அந்தச் சேவைக் கடமையும் வரும். உரிமையும் கடமையும் அங்கே சேர்ந்தேதான் வருகின்றன. நம் குறை அந்த நாட்டின் மீது இருக்க வேண்டியதில்லை. தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவைத் தெரியாமல் எடுப்பதுதான் குறை. பல நிறுவனங்கள் முன்பு தாராளமாகக் கொடுத்துவந்த வீட்டுப் படியும் பள்ளிப் படியும் சுருங்கிவிட்ட காலத்தில், அந்த அறியாமைக்குக் குடும்பமே விலை கொடுக்கிறது.

ஆகவே வெளிநாட்டு வேலைக்கடிதம் கையில் கிடைத்தவர்கள், எந்த நாடாக இருந்தாலும், மாற்று விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற அனுமதியில் வருபவருக்கு வீட்டுக்கு என்ன செலவு, முதல் நாளில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்? என் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா, என்ன கட்டணம்? என் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் யார் பணம் கட்டுவார்கள்? என் முதுமைக்கு யார் சேர்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளை அங்கே தனியாக இருப்பவரிடம் கேட்காதீர்கள். உங்களைப் போலவே குடும்பத்தோடு, உங்களுடைய அதே அனுமதியில் இருப்பவரிடம் கேளுங்கள். பதில்களை எடுத்துக்கொண்டு நிறுவனத்திடம் பேசுங்கள். வாடகை முன்பணத்துக்கு உதவி, குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி, பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கையெழுத்துப் போடும்வரைதான் உங்கள் பேச்சுக்கு வலு இருக்கும்.